கல்செடிக்கு உயிர்த்தண்ணி

"டிசம்பர் 2. வணக்கம். தொடர் மழையில் என் மாடிக் கொட்டகையின் தகடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. நான்கு நாள் கழித்துத்தான் ஏறிப் பார்க்க முடிந்தது. செடிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் கொடுத்த விதையில் உங்களிடம் இரண்டு செடிகள் இருப்பதாகச் சொன்னீர்கள். இரண்டும் ஒன்றாகப் பூத்தால் சேர்த்து விதை எடுத்து அனுப்புங்கள். பத்து விதை போதும். அந்த வெள்ளைப் பூவை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். விதையிலிருந்து பூவுக்கு நான்கு வருடம். எனக்கு எழுபத்தாறு நடக்கிறது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்."

எழுதியவர் ஏலாக்குறிச்சிப் பக்கத்தில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தச் செடி வளர்ப்பை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். இன்லண்டு கடிதத்தில் நாள் போடுவார், மாதம் போடுவார், வருடம் போட மாட்டார். இத்தனை வருடம் அறிவியல் நடத்தியவர் செய்கிற காரியமா இது என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் எனக்கு எரிச்சல் வரும். தபால் முத்திரையைப் பார்த்து, மூலையில் பென்சிலால் 2022 என்று குறித்துக் கோப்பில் வைத்தேன்.

அவர் கேட்டது லித்தாப்ஸ் என்ற செடியின் விதை. தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் கல்லும் சரளையுமான வறண்ட நிலத்தில் வளர்வது. எங்கள் வீட்டில் எல்லோரும் அதைக் 'கல்லு' என்பார்கள். நான் கல்செடி என்று எழுதுகிறேன். பார்த்தால் செடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தடித்த இரண்டு இலைகள் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரு பிளவோடு, கூழாங்கல் போல மண்ணில் பதிந்திருக்கும். வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பிளவுக்குள்ளிருந்து புது இலை ஜோடி வரும். வரும்போது பழைய இலைகளில் இருக்கும் நீரைக் குடித்துத்தான் வளரும். பழையது சுருங்கும், தோல் மடியும், காய்ந்து சருகாகும். தெரியாதவர் கண்ணுக்கு அது வாடிச் சாகிற செடி. உண்மையில் அப்போதுதான் அது மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த இரண்டு மூன்று மாதம் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடக் கூடாது. ஊற்றினால் பழைய இலை மறுபடி ஊதிக்கொள்ளும், அழுகும், புதியதையும் கூட்டிக்கொண்டு போகும்.

இன்னொன்று. தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளாத செடி இது. ஒரு செடி ஆயிரம் பூ பூத்தாலும் விதை வராது. வகை கலக்காமல் விதை எடுக்க, அதே வகையில் வேறொரு விதையிலிருந்து முளைத்த இன்னொரு செடி வேண்டும். ஆசிரியர் கொடுத்த விதையில் எனக்கு ஐந்து முளைத்து வளர்ந்தன. அதில் மூன்றைக் கொன்றது நான்தான். சில வகைகள் அங்கே சுண்ணாம்புப் பாறையில் வளர்கின்றன என்று எங்கோ படித்துவிட்டு, அரியலூர் சுண்ணாம்புக்கல்லை உடைத்து மண்ணில் கலந்தேன். எந்த வகை எந்தப் பாறையில் என்று பார்க்கவில்லை. மஞ்சளடித்து ஒவ்வொன்றாகப் போயின. அதையும் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். மிஞ்சிய இரண்டையும் செங்கல் தூளும் சலித்த பெருமணலும் கலந்த தொட்டிக்கு மாற்றிப் பிழைக்கவைத்தேன். தலையில் செங்கல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக வரிகள். ஆசிரியருக்கு விதை தருவதென்றால் இந்த இரண்டிலிருந்துதான்.

அரியலூரில் சுண்ணாம்புக்கல்லைப் பரிசோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. வீடு பெரம்பலூரில். விடிந்ததும் பஸ் ஏறினால், திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். மாடியில் இருக்கும் செடிகளை வெளிச்சத்தில் பார்க்க எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வாய்க்கும். மற்ற ஆறு நாளும் அவை வீட்டில் இருக்கிறவர்களின் கருணையில் இருந்தன. அந்தக் கருணையைப் போல ஆபத்தான ஒன்றை நான் கண்டதில்லை. விருந்துக்கு வருகிறவர்கள் குடித்துவிட்டு மிச்சம் வைத்த பாட்டில் தண்ணீரை எதிரே தெரிகிற தொட்டியில் கவிழ்ப்பார்கள். அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, என்னவோ எனக்கு உபகாரம் செய்ததைப் போல நிற்பார்கள். கேட்டால், "ஒரு வாய்த் தண்ணிதானே" என்பார்கள். கொலைக்கு ஒரு வாயே போதும் என்று பல முறை சொல்லி அலுத்தவள் நான்.

2023 பிப்ரவரி 12, ஞாயிறு. இரண்டு செடிகளின் வேரிலும் மாவுப்பூச்சி இருப்பதைக் கண்டுபிடித்தேன். இலை மாறும் காலத்தில் செடியைப் பிடுங்கக் கூடாதுதான். ஆனால் விட்டால் பூச்சி தின்றுவிடும். பிடுங்கி, வேரைக் கழுவி, கெட்ட பகுதியை நறுக்கி, காய்ந்த புது மண்ணில் நட்டு, மேலே சரளை பரப்பினேன். வெட்டுப்பட்ட வேர் ஆற வேண்டும். நோட்டில் இப்படி எழுதினேன்: "வேர் நறுக்கியது. பதினைந்து நாள் தண்ணீர் இல்லை. அதன் பிறகும் இலை மாறி முடியும்வரை இல்லை." நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டினேன். இரண்டு தொட்டிகளிலும் சீட்டு ஒட்டினேன். ஆய்வகப் பழக்கம். அதில் இருந்தது ஒரே வரி: நட்டது 12.2.2023.

அந்தச் சமயம் என் கணவரின் தம்பி எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். குன்னம் பக்கத்தில் சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் போடுகிறவர். மூட்டை ஏற்றும்போது விழுந்து வலது தோள் எலும்பு முறிந்து, பெரம்பலூரில் தினமும் தோளுக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்தார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். திங்கட்கிழமை காலை செருப்பைப் போட்டுக்கொண்டே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

நடுவில் வந்த ஞாயிறு மாடிக்குப் போக முடியவில்லை. 26ஆம் தேதி ஞாயிறு காலை போனேன். ஒரு செடி இல்லை. அதன் இடத்தில் பழுப்பு நிறத்தில் கூழ் இருந்தது. விரல் பட்டதும் நாற்றம் வந்தது. மற்றொன்று கண்ணாடி போல ஊதி, பக்கவாட்டில் வெடித்திருந்தது. மேல் சரளை காய்ந்துதான் இருந்தது. கிளறினால் அடிமண் முழுக்க ஈரம்.

அவர் கீழே சாய்வு நாற்காலியில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டியோடு போய் எதிரே நின்றேன்.

"தம்பி, இதுக்கு யாராச்சும் தண்ணி ஊத்துனீங்களா?"

"நான்தான் அண்ணி." பெருமையாகவே சொன்னார். "மூணாம் நாளு உயிர்த்தண்ணி உட்டேன். பொறவு ஏழு நாள் கழிச்சு ஒரு தண்ணி. ஒத்தக் கையாலயே சொம்பத் தூக்கிக்கிட்டு ஏறுனேன்."

"யாரு உங்கள உடச் சொன்னது?"

"நீங்கதான்."

"நானா?"

"'புதுசா நட்டுருக்கு, பாத்துக்கங்க தம்பி'ன்னுட்டு பஸ்சுக்கு ஓடுனீங்கல்ல? நட்டதப் பாத்துக்கன்னா என்னா அர்த்தம்? பக்கத்துல குந்திக்கிட்டு அது மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கறதா?"

அவர் நிறுத்தவில்லை.

"தேதிய வேற எழுதி ஒட்டியிருக்கீங்க. எங்க காட்டுல யாரு தேதி எழுதறா? சரி, மூணாம் நாளு தப்பிப்போயிடக் கூடாதுன்னு அண்ணி எழுதியிருக்காங்கன்னு நெனச்சேன். பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. செவ்வாக்கெழம காலைல கரெக்டா ஊத்திப்புட்டேன். ஒரு நாள் தப்பல."

உயிர்த்தண்ணி என்பது எங்கள் பக்கத்தில் நட்ட பயிருக்கு மூன்றாம் நாள் விடுகிற தண்ணீர். வெங்காயம் ஊன்றினாலும் மிளகாய் நாற்று நட்டாலும் மூன்றாம் நாள் அது போயாக வேண்டும். அப்போதுதான் வேர் பிடிக்கும். தவறவிட்டவனை ஊரே ஏசும். அவருக்கு அது கேள்விக்கு அப்பாற்பட்ட கடமை. நான் எழுதி ஒட்டிய தேதிதான் அந்தக் கடமையைச் சரியான நாளில் செய்ய அவருக்கு வசதி பண்ணிக் கொடுத்தது.

"செத்துப்போச்சு தம்பி."

"எது, கல்லா?" சிரித்துவிட்டார். "கல்லு செத்து இப்பத்தான் அண்ணி பாக்கறேன். பால் தெளிக்கற தேதியையும் எழுதி ஒட்டுங்க, வந்துடறேன்."

"உங்க வெங்காயத்துல எறங்கி ஒரு பாத்தி முழுக்கக் காலால மிதிச்சுட்டு வரேன். அப்பவும் இதே மாதிரி சிரிங்க."

சிரிப்பு நின்றது. அடுக்களையிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்து, "வுடு, செடிதானே. நர்சரில வேற வாங்கிக்கலாம்" என்றார்.

நர்சரி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மீதிக் கோபமும் வந்தது. நர்சரிகளில் கல்செடியை எப்படி விற்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஈரம் விடாத தேங்காய் நார்த்தூளில் நட்டு, மேலே நீலமும் சிவப்புமாகச் சாயக் கற்களை வைத்துப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அதிர்ஷ்டம் தரும் செடி என்பார்கள். பெயர் கேட்டால், "இம்போர்ட்டட் மேடம்" என்பார்கள். வாங்கிய வீட்டில் ஒரு மாதம் இருக்கும். இந்த வியாபாரத்தில் செடி சாவதும் ஒரு வசதிதான், அடுத்ததை விற்கலாம்.

உண்மையைச் சொன்னால், மாலைக்குள் என் கோபம் பாதிக்கு மேல் என் பக்கம் திரும்பிவிட்டது. ஆய்வகத்தில் மாதிரிக் கல்லை மேசையில் வைத்தால் தேதியோடு 'தொடாதே' என்றும் எழுதி வைக்கிறேன். இங்கே பதினைந்து நாள் தண்ணீர் கூடாது என்பதை, எனக்கு மட்டும் தெரிந்த விஷயத்தை, எனக்கு மட்டும் கிடைக்கிற நோட்டில் எழுதிப் பூட்டினேன். நடத் தெரிந்த ஒருவரிடம் நட்ட தேதியை மட்டும் கொடுத்தேன். கல்செடியைப் பற்றி வருடக்கணக்கில் தேடிப் படித்தவளுக்கு, வீட்டில் இருக்கிற ஒரு மனிதர் 'பாத்துக்கங்க' என்பதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று யோசிக்கத் தெரியவில்லை. இது தெரிந்தும் அவர் மேல் இருந்த கோபம் குறையவில்லை. அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அழுகியதைத் தூக்கி எறிந்தேன். வெடித்ததைப் பிடுங்கி, அழுகிய பக்கத்தைச் சுத்தமான பிளேடால் வெட்டி, நிழலில் பத்து நாள் வெறும் தட்டில் காயவைத்தேன். பழைய இலைகள் போய்விட்டன. உள்ளே துவரம்பருப்பு அளவுக்குப் புது ஜோடி உயிரோடு இருந்தது. மார்ச் மாதம் அவர் தோள் தேறி ஊருக்குக் கிளம்பினார். "போயிட்டு வரேன் அண்ணி" என்றார். நான் தலையாட்டினேன்.

ஆசிரியருக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். பதில் ஒரு வாரத்தில் வந்தது. "மார்ச் 20. பரவாயில்லை. ஒன்று இருக்கிறதே." அவ்வளவுதான். அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றை வைத்துக்கொண்டு விதை எடுக்க முடியாது என்பது அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

அந்தப் பருப்பளவுச் செடி ஒன்றே முக்கால் வருடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. அந்தக் காலம் முழுவதும் குன்னத்துக்குக் காதுகுத்து, வளைகாப்பு என்று எதற்குப் போனாலும் கொழுந்தனாரோடு 'வாங்க', 'சாப்டீங்களா' இரண்டு சொல்லுக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. 2024 நவம்பர் 10, ஞாயிறு. பிளவில் மொட்டு தெரிந்தது. சந்தோஷப்பட முடியவில்லை. துணை இல்லாத மொட்டு.

12ஆம் தேதி போன் வந்தது.

"அண்ணி, திட்டாம கேளுங்க. ஒரு விசயம்."

"சொல்லுங்க."

"எங்கிட்ட ஒரு கல்லு இருக்கு. மொட்டு உட்டுருக்கு. நுனில வெள்ளையா தெரியுது."

கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. அவர் ஊருக்குப் போன கொஞ்ச நாளில் எனக்காக ஒன்று வாங்கியிருக்கிறார். கொண்டுவந்து கொடுக்கத் துணிவில்லை.

"ஒங்க மூஞ்சியப் பாத்தா பயமா இருந்துச்சு அண்ணி. மோட்டார் ரூம் ஜன்னல்ல வச்சேன். அப்படியே கெடக்கு."

"தண்ணி?"

"நான் தொடவே இல்ல. ஜன்னல்ல சாரல் அடிச்சா உண்டு. ஒரு சொட்டு ஊத்துனேன்னா கேளுங்க."

ஒன்றரை வருடம். நான் மண் சலித்து, வெயில் அளந்து, மழைக்குத் தகடு மூடி, மாதாமாதம் குறிப்பெழுதி ஒன்றைத்தான் காப்பாற்றினேன். என்மேல் இருந்த பயத்தில் அவர் மறந்துபோட்டது மோட்டார் ரூம் ஜன்னலில் மொட்டு விட்டிருக்கிறது. இந்தச் செடி வளர்க்கத் தேவையானது அறிவா, அலட்சியமா என்று யாரையாவது உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது.

"நாளைக்குக் காலைல எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன்.

மழைத் தூறலில், தலைக்கு உரச்சாக்கை மாட்டிக்கொண்டு, தொட்டியைத் தூக்குவாளிக்குள் வைத்து பைக்கில் கொண்டுவந்தார். மேசையில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். லென்ஸை வைத்துப் பார்த்தேன். செங்கல் நிற வரிகள். மடிப்புகள் என்னுடையதைப் போலத்தான் இருந்தன. ஆனால் போல இருப்பது வேறு, அதுவாக இருப்பது வேறு. கல்செடியில் ஒன்றுபோலத் தெரிகிற வகைகள் பல உண்டு. அவற்றில் வெள்ளைப் பூ பூப்பவையும் ஒன்றுக்கு மேல்.

"எங்க வாங்குனீங்க தம்பி?"

"கன்னுக்குட்டிக்குக் கோமாரி ஊசி போட்ட வாரம்."

"எப்பன்னு கேக்கல. எங்கன்னு கேட்டேன்."

"திருச்சி ரோட்டுல. பாடாலூர் தாண்டி ஒரு மினி லாரில வச்சு வித்துக்கிட்டு இருந்தாங்க."

"பேரு ஏதாச்சும் எழுதியிருந்துச்சா?"

"ஒரு சீட்டு குத்தியிருந்துச்சு. இங்கிலீசுல. காத்துல பிஞ்சி போயிடுச்சு."

"அதுல என்ன போட்டிருந்துச்சு?"

"நான் எதுக்குப் படிக்கறேன்? ஒங்க சீட்டப் படிச்சுத்தானே அண்ணி இவ்வளோ வம்பும்."

என் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தோசை வார்த்துக் கொடுத்தேன். நான்கு சாப்பிட்டார். தொட்டியை விட்டுவிட்டுப் போனார்.

இந்தப் பூ மதியத்துக்கு மேல் வெயில் இருந்தால்தான் விரியும். லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 15ஆம் தேதி மதியம் வெயில் வந்தது. இரண்டும் விரிந்தன. இரண்டும் வெள்ளை. மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் அவர் கொண்டுவந்த செடியின் மகரந்தத்தை எடுத்து என் செடியின் பூவில் தடவினேன். நெருங்கிய வேறு வகையாக இருந்தாலும் விதை வந்துவிடும், ஆனால் அது கலப்பு; அதனால் பெயர் தெரியாத செடியைச் சேர்க்கக் கூடாது என்று தெரியும். சேர்க்காவிட்டால் ஆசிரியருக்கு விதையே கிடையாது என்பதும் தெரியும். அவருக்கு எழுபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது.

பூ வாடி, காய் உப்பியது. அது முற்றும் வரை சும்மா இருக்கவில்லை. இரண்டு ஞாயிறுகள் திருச்சி சாலையில் இறங்கி விசாரித்தேன். மினி லாரியில் விற்றவர்களைச் சாலையோரக் கடைக்காரர்களுக்கு நினைவிருந்தது. எங்கிருந்து வந்தார்கள், எங்கே போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. விவரம் தெரிந்த இருவருக்குப் படம் அனுப்பினேன். ஒருவர் அதேதான் என்றார். இன்னொருவர், விதை எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் படத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்கிறவரை நம்பாதீர்கள் என்றார். இரண்டாமவர் சொன்னதுதான் சரி. அவர்மேலும் கோபம் வந்தது.

2025 ஜூலை 13, ஞாயிறு. காய்ந்த விதைப்பையை ஸ்பூனில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். இந்தச் செடியின் விதைப்பை ஈரம் பட்டால்தான் திறக்கும். சிறிது நேரத்தில் பூப்போல விரிந்தது. உள்ளே தூள் போல விதை. எடுத்து, காகிதத்தில் பரப்பிக் காயவைத்து, உறையில் போட்டேன். பத்தைவிட நிறையவே இருந்தது.

ஆசிரியருக்குப் போன் செய்தேன்.

"ரெண்டாவது செடியும் நான் குடுத்த விதைல வந்ததாம்மா?"

"இல்லைங்க சார். ரோட்டோரம் வாங்குனது. பேரு தெரியல."

"அப்ப அந்தப் பூ வராமப் போனாலும் போவும்."

"வரலாம், வராமலும் போகலாம். இப்ப சொல்ல முடியாதுங்க சார்."

"நாலு வருசத்துல தெரிஞ்சுடும்."

"ஆமாங்க சார்."

"அனுப்புங்க" என்றார்.

உறைமேல் எழுத உட்கார்ந்தபோது என் கணவர் பக்கத்தில் வந்து நின்றார். "ரெண்டு செடிக்கும் ஒரே பேர எழுதிடேன். பெரியவரு நிம்மதியா வெதைக்கட்டும். யாரு வந்து பாக்கப் போறா?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பேனாவை மூடி வைத்துவிட்டு, அவர் அந்த அறையை விட்டுப் போகும்வரை காத்திருந்தேன். வயதானவர் என்பதற்காக அவரிடம் பொய் சொல்லலாம் என்று நினைக்கிற பிரியம் எனக்கு வேண்டாம். அவருக்கும் வேண்டியிருக்காது.

எழுதியது இது. "சேர்த்தது 15.11.2024. விதை எடுத்தது 13.7.2025. தாய்ச்செடி: உங்கள் விதையில் வந்தது. மகரந்தம்: பாடாலூருக்கு அப்பால் திருச்சி சாலையில் வாங்கிய செடி. விற்றவர் தெரியவில்லை. வாங்கிய தேதி தெரியவில்லை." அதன் கீழே தனி வரியில், விதைத்த பிறகு மண்ணை எப்போது ஈரமாக்க வேண்டும், எப்போது ஒரு சொட்டும் கூடாது என்று எழுதினேன். அவருக்குத் தெரிந்ததுதான். அவர் வீட்டில் இருக்கிறவர்களுக்காக எழுதினேன்.

திங்கட்கிழமை அரியலூர் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். ஆகஸ்ட் 3 தேதியிட்ட கடிதத்தில், வழக்கம்போல வருடம் இல்லாமல், முளை தெரிகிறது என்று எழுதியிருக்கிறார். மகரந்தம் தந்த செடி அதே வகைதானா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.